கோதுமைக் கதிரின் மேல் ஒரு கோடு

வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அது ஊருக்குப் பொது. இது சுலோச்சனா போட்ட சட்டம் இல்லை. விருத்தாசலத்தில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் இதுதான் நடைமுறை. தைலம், சோப்பு, சாக்லேட், சென்ட் பாட்டில் என்று வந்ததைப் பிரித்து, பக்கத்து வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று கொடுத்து முடித்தால்தான் வந்தவர் வந்ததாகக் கணக்கு. கொடுக்காத வீட்டைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்பது சுலோச்சனாவுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் பேசுகிறவர்களில் அவளே முதல் ஆள்.

அவள் கணவர் கலியமூர்த்தி செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பொம்மை யூனிட் நடத்திவந்தார். குழலூதும் கிருஷ்ணன், தலையாட்டும் செட்டியார், பேனா போட்டு வைக்கும் ஆந்தை, இதெல்லாம் அங்கே சூளையேறி வெளியே வரும். அவர் தம்பி கொளஞ்சிநாதன் இதே ஊரில் செராமிக் படிப்புப் படித்துவிட்டு, தாய்லாந்தில் லாம்பாங் என்கிற ஊரில் கப்பு சாசர் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துக் கோடை விடுமுறைக்கு மனைவி சண்முகப்ரியாவையும் மகள் கயல்விழியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். கயலுக்கு ஒன்பது வயது. இன்னும் காது குத்தவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல்.

கயலுக்குக் கோதுமை ஆகாது என்று ப்ரியா போனிலேயே சொல்லியிருந்தாள். வந்த அன்றும் சொன்னாள்.

“கோதுமை, மைதா, ரவ, பார்லி எதுவும் ஆகாதுக்கா. அதுல குளூட்டன்னு ஒண்ணு இருக்குது. அது இவ கொடலயே புண்ணாக்கிடுது. ரெண்டு வருஷமா என்னா ஏதுன்னே தெரியாம எலும்பா எளச்சிட்டா. அப்புறம் பாங்காக்ல ஒரு டாக்டருதான் கண்டுபுடிச்சாரு.”

சுலோச்சனா ‘ம்’ போட்டாள். அவள் கண் ப்ரியாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. கோதுமை ஆகாதாம்! சர்க்கரை வியாதிக்காரர்களுக்கெல்லாம் டாக்டரே கோதுமையைத்தான் சாப்பிடச் சொல்கிறார். சீமைக்குப் போனால் வியாதியும் சீமை வியாதியாகத்தான் வரும்போல என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் ப்ரியா தன் தாய் வீட்டுக்கு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புருஷன் பிள்ளையோடு கிளம்பிப் போனாள். உள்ளறையில் ஒரு பெரிய நீலப் பை இருந்தது. ப்ரியா வாழ்கிற ஊரில் ஒருத்தர் பையை இன்னொருத்தர் திறக்க மாட்டார்கள். அதனால் அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. சுலோச்சனாவுக்கோ, திறக்காமல் கிடக்கிற பையைப் பார்த்தால் யாரோ தன்னை அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது. வாசலில் வேறு எதிர்வீட்டுப் பெரியநாயகி, “என்னா, மச்சினன் வெறுங்கையோடவா வந்துட்டாரு?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

திறந்தாள். பை நிறையப் பாக்கெட்டுகள். பச்சைக் கவர், அதில் ஆவி பறக்கும் கிண்ணம், ஒரு தென்னை மரம், ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. மெலிசாக வெள்ளை வெளேரென்று நூடுல்ஸ். வெந்நீர் ஊற்றினால் போதும், சாப்பாடு தயார் என்று படமே போட்டுக் காட்டியிருந்தது. தேங்காய்ப்பால் வாசனை அடிக்கும் அரிசி அப்பளங்கள் வேறு. கவரின் மூலையில் ஒரு கோதுமைக் கதிர், அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. அதை அவள் பார்க்கவே செய்தாள். கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் பாக்கெட் போய்விட்டது. யூனிட்டில் வேலை செய்கிற பெண்களுக்குப் போனது. கருவேப்பிலங்குறிச்சி உறவுக்குப் பஸ் கண்டக்டர் வழியாகப் போனது. “பாங்காக்குலேர்ந்து வந்தது” என்று கொடுக்கும்போது அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டால், பாங்காக்கையே அவள்தான் கட்டினாள் என்று தோன்றும்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து திரும்பி வந்த ப்ரியா நேரே உள்ளறைக்குப் போனாள்.  பிறகு பையைக் கையில் பிடித்தபடி சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, இதுல இருந்த பாக்கெட்டெல்லாம்?”

“அதையா கேக்குற? அப்பவே குடுத்து முடிச்சாச்சு. ஒரு வூடு பாக்கி இல்ல” என்றாள் சுலோச்சனா. புகழ்ச்சிக்குத் தயாராக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ப்ரியா சுவரில் சாய்ந்தாள். “அது கயலோட சாப்பாடுக்கா. எல்லாம் அரிசில செஞ்சது. காலயிலயும் ராத்திரியும் அவளுக்கு அதுதான். ஊருக்குத் திரும்பற வரைக்கும் கணக்குப் பண்ணி எடுத்தாந்தேன்.”

சுலோச்சனாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றாள். ப்ரியா சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இரண்டு வார்த்தை சண்டை போட்டு, நாலு சொட்டுக் கண்ணீர் விட்டு, விஷயத்தை முடித்திருக்கலாம். அவளோ, “பரவால்லக்கா, தெரியாமதான குடுத்தீங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பரவாயில்லைதான் சுலோச்சனாவைக் கொன்றது.

“அரிசிச் சோறு இல்லாத வூடா இது?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“சோறு திம்பாக்கா. ஆனா கொஞ்சமா கொறிச்சிட்டு எழுந்துடுவா. அதோட இது நம்ம சமையல்கட்டு. சப்பாத்தி தேய்க்கிற பலகை, பூரி பொரிக்கிற எண்ணெ, எல்லாம் ஒரே எடம். துளி பட்டாலும் ஆகாது. பெருங்காயத்துலயே மைதா கலக்கறாங்க, தெரியுமா?”

சுலோச்சனாவுக்குத் தெரியாது. ப்ரியா போன பிறகு பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் மைதா என்று இருந்தது. இத்தனை வருஷம் சாம்பார் வைத்தவளுக்கு அந்த டப்பாவுக்கு முதுகு உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

“நாளைக்கே வாங்கியாந்து வெச்சிடறேன். இந்த ஊர்ல கெடைக்காத சாமானா?” என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் கொடுத்த வீடுகளுக்கே போனாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எந்த முகத்தோடு போவது? உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “தேதி முடிஞ்சிருக்குமோன்னு சந்தேகமா இருக்குது. பாக்கெட்டக் குடுங்க, பாத்துட்டுத் தரேன்” என்றாள். பெரியநாயகி சிரித்தாள்.

“அன்னைக்கே செஞ்சி பாத்தாச்சு சுலோச்சனா. உப்பு இல்ல, ஒறப்பு இல்ல, வழவழன்னு மண்புழுவாட்டம் இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு ஒரு வாய் வெச்சிட்டு நாய்க்குப் போட்டுட்டாரு.”

ஆனால் கவரை எறியவில்லை. பளபளவென்று இருந்ததால், மேற்புறம் நேராக வெட்டிய கவரைக் கழுவித் துடைத்து, ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பின்னால் அழகாக நிறுத்தி வைத்திருந்தாள். சுலோச்சனா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னொரு வீட்டில் நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பியாகிவிட்டது, கம்மாபுரத்துக்கு. மற்றொரு வீட்டில், “இதுல என்னா மசாலா போடணும்னு தெரியலயேக்கா” என்று மாட்டுத் தவிட்டில் கலந்திருந்தார்கள். தெரு சுற்றி வந்ததில் தேறியது உடைந்த அரிசி அப்பளம் அரைப் பாக்கெட்.

அந்த அரைப் பாக்கெட்டை அவள் கயலிடம் நீட்டினாள். குழந்தை அதைக் கவனமாக எண்ணிப் பாதியைத் திருப்பி வைத்தது. “மிச்சம் நாளைக்கு, பெரியம்மா” என்றது. 

அப்புறம் கடை கடையாக ஏறினாள். ஜங்ஷன் ரோட்டில் வீரமுத்து புதிதாக டிபார்ட்மென்ட் ஸ்டோர் போட்டிருந்தான். கூடையை எடுத்துக்கொண்டு நாமே பொறுக்குகிற கடை. அவன் பல நூடுல்ஸ் பாக்கெட்டுகளை எடுத்துப் பரப்பினான். ப்ரியா சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தாள் சுலோச்சனா. மைதா, மைதா, கோதுமை மாவு, மைதா. சைனீஸ் நூடுல்ஸ் என்றது மைதா. சோயா சாஸ் பாட்டிலிலும் கோதுமை இருந்தது. சோயாவுக்குள் கோதுமைக்கு என்ன வேலை என்று அவளுக்குக் கோபமே வந்தது.

“தாய்லாந்து ஐட்டமாக்கா? விருத்தாசலத்துல கேட்ட மொத ஆளு நீங்கதான்” என்றான் வீரமுத்து. ஆனால் கிண்டல் செய்யவில்லை. குழந்தைக்கு என்று சொன்னதும், அவள் கொண்டுபோன காலிக் கவரை வாங்கிக் கதிர் முத்திரையை உற்றுப் பார்த்தான். “சென்னையில ஒரு ஏஜென்ட்டு இருக்கான். வெளிநாட்டுச் சாமான் எறக்குறவன். சொல்லி வெக்கிறேன். வரும். ஆனா எப்ப வரும்னு உறுதி சொல்ல முடியாதுக்கா.”

கடைவீதியில் கேட்டாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் பெரிய ஆபீசர்கள் வாங்குகிற கடைக்கும் போனாள். அங்கே ஓட்ஸ் இருந்தது, சீஸ் இருந்தது, அது மட்டும் இல்லை. பாண்டிச்சேரியில் இருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டாள். “வெள்ளக்காரன் கடையெல்லாம் இருக்குது, ஆனா அவன் ரொட்டிதான விக்கிறான்” என்று அவள் கையை விரித்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பும்போது, திண்டாட்டம் பாக்கெட்டுக்காகவா தன் வாய்ச் சொல்லுக்காகவா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் ப்ரியா தனியாக ஒரு பாத்திரம் வாங்கி, தனி அடுப்பில் கஞ்சி வைத்தாள், முட்டை வேகவைத்தாள். கயல் இரண்டு வாய் வாங்கிவிட்டு எழுந்துவிடும்.  ப்ரியா தட்டைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கலியமூர்த்தி விளையாட்டாகச் சொன்னார். “ஊருக்கே அன்னதானம் பண்ண மகராசி, இந்தப் புள்ளைக்கு ஒரு பாக்கெட்டு வாங்க முடியல பாரு!”

கொளஞ்சி சிரித்தான். ப்ரியா சிரிக்காமல் இருந்தாள். அந்தச் சிரிக்காததுதான் சுலோச்சனாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

“வீரமுத்து கடைக்கு வந்துடுச்சாம். நாளைக்குக் கொண்டாறேன்” என்றாள். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியாது. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

மறுநாள் மதியம் யூனிட்டில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் உள்ளே போனாள். பொம்மைகளைப் பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டுவதற்குக் காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று அங்கே உண்டு. முன்பெல்லாம் ஆள் வராத நாளில் சுலோச்சனாவே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள். பெரியநாயகியின் ஷோகேஸில் இருந்த கவரைப் பையிலிருந்து எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுக்காத சேமியாவை, உள்ளதிலேயே மெலிசானதாக, வெள்ளையானதாகப் பார்த்து அதற்குள் நிரப்பினாள். மேல் விளிம்பைச் சரிசெய்து மிஷினில் கொடுத்து மிதித்தாள். அச்சு அசல். கோதுமைக் கதிரும் அதன் மேல் கோடும் அவளைப் பார்த்தபடி இருந்தன. உள்ளே கோதுமை.

ஒரு வேளை சேமியா என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். அதற்குள் நிஜப் பாக்கெட் வந்துவிடும்.

பிற்பாடு அவளைப் பிடுங்கித் தின்றது இந்த ஒரு கேள்விதான்: ஏன் இடியாப்பம் பிழியவில்லை? அதுவும் அரிசிதானே? புது அச்சு ஒன்று வாங்கி, அரிசி மாவைப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்திருந்தால் குழந்தை ஆசையாகச் சாப்பிட்டிருக்குமே? பதில் அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கேள்வி விடாமல் துரத்தியது. இடியாப்பத்தைப் பாக்கெட்டில் போட்டுக் கொடுக்க முடியாது. அவளுக்கு வேண்டியிருந்தது குழந்தையின் பசி தீர்வது இல்லை. ப்ரியாவின் கையில் பச்சைக் கவரைக் கொடுத்து, “பாத்தியா, வாங்கியாந்துட்டேன்” என்று சொல்வதுதான்.

சொன்னாள். ப்ரியா கவரை வாங்கி மூலையைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. “எங்கெல்லாம் அலஞ்சீங்களோ தெரியல. ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்று சுலோச்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

“நீ போயி உக்காரு. நானே பண்ணித் தரேன்” என்று அடுப்பங்கரைக்குப் போனாள். புதுப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்தாள். தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றினாள். பாத்திரம் புதிது, தேங்காய் நல்ல தேங்காய், எல்லாவற்றிலும் அத்தனை கவனம்.

கயல் ஒரு வாய் எடுத்து வைத்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தது. சுலோச்சனா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நல்லாருக்கா கண்ணு?”

“நல்லாருக்கு பெரியம்மா” என்றது குழந்தை. கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. பிறகு வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேயே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். பொம்மை மாதிரி வெளுத்துக் கிடந்த அந்தக் கையில் ஊசி ஏறியதைச் சுலோச்சனா பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒண்ணுமே குடுக்கல டாக்டர், இந்தப் பாக்கெட்டு மட்டும்தான். இதுல கோதுமையே கெடையாது” என்று ப்ரியா கவரை நீட்டி நீட்டிக் காட்டினாள். 

கொளஞ்சி கவரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். “இது டூப்ளிகேட்டா இருக்கும். கவரு மாதிரியே அடிச்சு எதையோ போட்டு வித்திருக்கானுவ. எந்தக் கடை அண்ணி?”

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்குமோ, பேச்சு நின்றிருக்குமோ, எதுவோ ஒன்று அதோடு முடிந்திருக்கும். “வீரமுத்து கடை” என்றாள்.

கலியமூர்த்தி அப்போதே கிளம்பிவிட்டார். கடை நிறைய ஜனம் இருக்கும்போது, “பச்சப் புள்ளைக்கு வெசத்தையா விக்கிற?” என்று கத்தினாராம். வீரமுத்து முதலில் ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறான். “அக்கா கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டேன். அப்படி ஒரு பாக்கெட்டு என் கடைக்கு வரவே இல்லண்ணே” என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். கூடையோடு நின்றவர்கள் கூடையை வைத்துவிட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து கலியமூர்த்தி கேட்டார். “அவன் விக்கவே இல்லங்கிறான். நீ என்னா சொல்ற?”

“விக்காம பின்ன எப்புடி வந்துச்சாம்?” என்றாள் சுலோச்சனா. முதல் பொய் தானாக வந்தது. இதை அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

“அதான பாத்தேன். கடைசில என்னா சொன்னான் தெரியுமா? கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுங்க, நானும் வரேன்னான். கட்டிடுவோம்.”

விருத்தாசலத்துக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவார்கள், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போகத் தயங்க மாட்டார்கள். குற்றம் செய்தவன் பேரையும் செய்த குற்றத்தையும் கோர்ட்டில் கொடுப்பதுபோல் பிராதாக எழுதி, சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரிப்பார். காணாமல்போன மாடு கிடைக்கும், ஏமாற்றியவன் தேடி வந்து காலில் விழுவான் என்று நம்பிக்கை. பொய்ப் பிராது கட்டினவர்களை என்ன செய்வார் என்பதைப் பற்றியும் கதைகள் உண்டு. அவற்றைச் சுலோச்சனா சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

குழந்தைக்கு உடம்பு மெல்லத் தேறியது. ஒரு மத்தியானம் ப்ரியா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். சுலோச்சனா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கயல் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தது.

“பெரியம்மா, அது சேமியாதான?”

விசிறி நின்றது.

“லாம்பாங்ல ஒரு ஆன்ட்டி வீட்ல சேமியா பாயசம் சாப்ட்டேன். அப்பவும் இப்படித்தான் ஆச்சு. வாய்ல வெச்சதும் தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சிருந்தும் ஏன்டி கண்ணு சாப்புட்ட?” என்று கேட்டாள்.

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. அம்மா வேற ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க.” குழந்தை கொஞ்சம் யோசித்தது. “நான் அம்மாகிட்ட சொல்லல. நீங்க பயப்படாதீங்க.”

சுலோச்சனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வெட்கம் என்றால் முகம் சிவப்பது, தலை குனிவது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது வயிற்றுக்குள் இருந்து வருகிறது என்று அன்று தெரிந்தது. ஒன்பது வயசுக் குழந்தை தெரிந்தே விழுங்கிவிட்டு, தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. இவளோ வீரமுத்துவைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்தால் என்ன என்று இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமும் அவள் வாய் திறக்கவில்லை. வெட்கம் வாயைத் திறக்க வைக்கும் என்கிறார்கள். அவளுக்கு அது வாயை இன்னும் இறுக்கித்தான் மூடியது.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனார்கள். கயல் அப்பாவின் தோளில் சாய்ந்து வந்தது. காதுகுத்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. மண்டபத்தில் பிராது எழுதிக் கொடுப்பவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு அம்மா களவுபோன கம்மலுக்காக அழுது எழுதி முடித்து எழுந்தாள்.

வீரமுத்து முன்னாலேயே வந்து தூணோரம் நின்றிருந்தான். கையில் ஒரு அட்டைப் பெட்டி. கலியமூர்த்தியைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டு நேரே சுலோச்சனாவிடம் வந்தான்.

“அக்கா, நீங்க சொல்லி வெச்சது. நேத்துதான் சென்னையிலேர்ந்து பார்சல் வந்துச்சு. பிராது பாட்டுக்குப் பிராது, பாப்பா பாட்டுக்குச் சாப்புடணும்ல.”

பெட்டியைத் திறந்து காட்டினான். பச்சைக் கவர்கள். ஆவி பறக்கும் கிண்ணம், தென்னை மரம், மூலையில் கதிர், கதிரின் மேல் கோடு.

“இதையும் குடுத்துக் கொல்லப் பாக்குறியா?” என்று கலியமூர்த்தி பெட்டியைத் தட்டிவிட்டார். பாக்கெட்டுகள் கல்தரையில் சறுக்கிக்கொண்டு போயின. ப்ரியா அவற்றைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டாள்.  வீரமுத்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வேட்டியில் தூசி துடைத்து, பெட்டிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

“மொதல்ல பிராது எழுதுங்கய்யா” என்றார் கலியமூர்த்தி.

எழுதுகிறவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். “பிராது குடுக்குறவரு?”

“கொளஞ்சிநாதன்” என்றான் கொளஞ்சி.

“சாமி பேரு. நல்லது. எதிராளி பேரு?”

கலியமூர்த்தி வாயைத் திறந்தார்.

“சுலோச்சனா” என்றாள் சுலோச்சனா.

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். கலியமூர்த்தி, “ஏய், சாட்சி பேரு இல்ல, எதிராளி பேரக் கேக்குறாரு” என்றார்.

“அதாங்க சொல்றேன். சுலோச்சனா. புருஷன் பேரு கலியமூர்த்தி. செராமிக் எஸ்டேட்டுல பொம்ம யூனிட்டு. எழுதிக்குங்க. வீரமுத்து எனக்கு எதையும் விக்கல.”

தூணோரம் பாக்கெட் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. ப்ரியா கொளஞ்சியைப் பார்த்தாள். கொளஞ்சி அண்ணியைப் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் புரிவதற்கு முன்பே கயலுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, அன்று முதல் வாய் சாப்பிட்டபோது பார்த்ததைப்போலவே பெரியம்மாவைப் பார்த்தது. சொல்ல வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டியது.

அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியாமல்தான் சுலோச்சனா கல்தரையில் உட்கார்ந்தாள்.

எழுதுகிறவருக்கு எத்தனையோ பிராது எழுதிய அனுபவம். தன் பேரையே எதிராளியாகக் கொடுத்தவர்களை அவர் பார்த்ததில்லைபோல. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, “குத்தம் என்னாம்மா?” என்று கேட்டார்.

உள்ளறையில் இருந்த நீலப் பையிலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள்.